ஈரோடு போன ஹெட்ஃபோன்

பெர்லின் ரயிலில் ஹெட்ஃபோன் மாட்டினால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். பாட்டு கேட்டு மாதக்கணக்காகிறது. மாட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை.

லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். இன்று அவிநாசியில் இருக்கும் அம்மாவைப் பார்க்க, கோவை காந்திபுரத்தில் ஈரோடு பஸ் ஏறினேன். பக்கத்து சீட் அக்கா தோளைத் தட்டினார்.

"ஏங்கண்ணு, என்ன பாட்டு கேக்கற?"

"பாட்டு ஓடலீங்க. வெளிச் சத்தம் கேக்காம இருக்கறதுக்குங்க."

"அப்படியும் இருக்குதா? குடு, பாக்கலாம்."

மாட்டிக்கொண்டார். "ஊட்ல இந்த நிம்மதி கெடைக்காது கண்ணு" என்றவர் அப்படியே தூங்கிப்போனார்.

அவிநாசி வந்தது. அக்கா காதிலிருந்து கழற்ற மனம் வரவில்லை. இறங்கிவிட்டேன்.

இப்போது அம்மா பேசுவது முழுதாகக் கேட்கிறது. இது பழகிவிடுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.