தவம் அண்ணையின் கடை மூடவேண்டும் என்று நான் இருந்த விரதம்

1987 கார்த்திகையில் என் கடை கவிழும் நிலைக்கு வந்தது. சுவிஸில், பீல் நகர ரயில் ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் இரண்டு அறைகளில் நடந்த பலசரக்குக் கடை. கட்டடச் சொந்தக்காரர் கடிதம் போட்டிருந்தார். இரண்டு அறைகளையும் இன்னும் ஐந்து வருடத்துக்கு எடுக்கிறேனா, விடுகிறேனா என்று மாத முடிவுக்குள் சொல்ல வேண்டும். அந்தக் கடிதம் இருபது நாளாக முருகன் படத்துக்கு முன்னால் கிடந்தது. சரக்கு அறைக்குள் போய் நின்று அழுதேன்.

எப்படி இந்த நிலைக்கு வந்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். பொறாமையால் வந்தேன்.

தவம் அண்ணையும் நானும் 1979இல் ஒன்றாகச் சுவிஸுக்கு வந்தவர்கள். லுசேர்ண் ஹோட்டல் ஒன்றின் குசினியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று கோப்பை கழுவியவர்கள். பிறகு அவர் ஃப்ரிபூர்க்கில் கடை போட்டார். அடுத்த மாதமே நான் பீலில் போட்டேன். ஊர் வேறு, சனம் வேறு, இருவரும் நிம்மதியாகப் பிழைத்திருக்கலாம். ஆனால் பீலில் இருக்கிற எங்கள் சனம் சனிக்கிழமை ரயிலேறி ஃப்ரிபூர்க் போய், அவர் கடைப் பையைத் தூக்கிக்கொண்டு என் கடை வாசலால் நடந்து வரும். எனக்கு வயிறு எரியும்.

அவர் எதையும் சட்டென்று முடிவெடுக்க மாட்டார். புதிதாக ஒரு மீன் டின் வைப்பதென்றாலும் மனைவியைக் கேட்பார், கடைக்கு வருகிறவர்களைக் கேட்பார், நாலு நாள் யோசிப்பார். நான் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். முருகனைக் கேட்டே எடுக்கிறேன் என்று பெருமையும் அடிப்பேன். ஒரு தாளில் திருநீறு, இன்னொன்றில் குங்குமம் மடித்துக் குலுக்கிப் படத்துக்கு முன் போட்டு ஒன்றை எடுப்பேன். திருநீறு வந்தால் செய்வது, குங்குமம் வந்தால் விடுவது. அவர் சேலை விற்கிறார் என்று கேள்விப்பட்டால் நானும் விற்கலாமா என்று கேட்பேன். குங்குமம் வந்தால், சரியாகக் குலுக்கவில்லை என்று மறுபடி குலுக்குவேன். திருநீறு வரும்வரை விடமாட்டேன். அவர் வீடியோ கசெட் வாடகைக்கு விட்டார், நானும் விட்டேன். அவர் பின்னறையை எடுத்தார், நானும் எடுத்தேன். கேட்டது முருகனை, பார்த்தது தவம் அண்ணையை.

அந்த வருடம் ஆனியில் தொடங்கி ஆறு வெள்ளி விரதம் இருந்தேன். பிறந்த ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலம். அங்கிருந்த என் சகோதரங்களுக்காகக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது தவம் அண்ணையின் கடை மூடவேண்டும் என்று. எழுத வெட்கமாக இருக்கிறது.

ஆவணியில் அவர் கடையைப் பூட்டிவிட்டார் என்று செய்தி வந்தது. எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. பாயசம் வைக்கச் சொன்னேன். என் மனைவி வசந்தி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, ஒரு மனிசன் கடையைப் பூட்டினதுக்கோ பாயசம் வைக்கச் சொல்லுறியள்?”

அன்று அவள் அடுப்பே மூட்டவில்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு விழுந்த அடி. அவர் கடை இல்லாமல் போனதும் எனக்கு எந்த முடிவும் எடுக்கத் தெரியவில்லை. எதை வாங்குவது, எதை விடுவது, ஒன்றும் விளங்கவில்லை. தாளை மடித்தாலும் எது வரவேண்டும் என்று எனக்கே தெரியாததால், எது வந்தாலும் மனம் நம்பவில்லை. வாங்கிய காய்கறி அழுகியது. சேலைகளை யாரும் தொடவில்லை. அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை தாள் மடிக்காமல் வெறுங்கையோடு படத்துக்கு முன்னால் இருந்தேன். “முருகா, கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். எனக்கு முடிவெடுக்கத் தெரியாது. யாரையாவது அனுப்பு” என்றேன். யாரை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவரைச் சொல்லியிருக்க மாட்டேன்.

மறுநாள் காலை கடைக் கதவு திறந்தது. கையில் வெறும் பையோடு தவம் அண்ணை நின்றார்.

“உழுந்து இருக்கோ? இனி உன்னட்டைத்தானே வாங்க வேணும்.”

கடிதத்தை எடுத்து நீட்டினேன். அவர் இரண்டு தரம் வாசித்தார்.

“எனக்கும் இப்பிடித்தான் ஒண்டு வந்தது. நான் எல்லாரையும் கேட்டுக் கேட்டுத் தவணையை விட்டிட்டன். கடையைச் சப்பாத்து விக்கிறவனுக்குக் குடுத்திட்டாங்கள். நீ இண்டைக்கே பதில் எழுது.”

“என்னெண்டு எழுதுறது அண்ணை?”

“அதை ஏன் என்னைக் கேக்கிறாய்? இவையைக் கேள்” என்று கடையில் நின்ற இரண்டு பெண்களைக் காட்டினார்.

இவ்வளவு காலத்தில் நான் அவர்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர்கள் தயங்காமல் சொன்னார்கள். அரிசி, பருப்பு, தூள் வகைக்குத்தான் வருகிறோம், பின்னறைக்குள் நாங்கள் போவதேயில்லை என்றார்கள். முன்னறை மட்டும் போதும் என்று அன்று மத்தியானமே கடிதம் எழுதினேன். சொந்தக்காரர் சம்மதித்தார். கடை பிழைத்தது. முருகன் என்னைக் கைவிடவில்லை.

இன்று 1989. தவம் அண்ணை என்னோடு சேர்ந்து கடையை நடத்துகிறார். அவர் எல்லாரையும் கேட்கிறார், நான் நாள் குறித்து முடிக்கிறேன். உள்ளே வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே “தவம் அண்ணை இல்லையோ?” என்று கேட்கிறார்கள். இன்றைக்கும் எரிகிறது. அதைப் போக்கு என்று தினமும் கேட்கிறேன், இன்னும் போகவில்லை. ஆனால் எரிகிறபோது இப்போது தாள் மடிப்பதில்லை.

அன்பான அடியார்களே, பொறாமையில் வெந்துகொண்டிருந்தால் அந்தப் பொறாமையையே முருகன் முன்னால் கொண்டுபோய் வையுங்கள். வெட்கப்பட வேண்டாம். என்னையே ஏற்றுக்கொண்டவன் உங்களையும் ஏற்பான்.

இதைக் கோயில் சஞ்சிகைக்கு அனுப்புமுன் தவம் அண்ணையிடம் வாசிக்கக் கொடுத்தேன். விரதத்தைப் பற்றி அவருக்கு அதுவரை தெரியாது. வாசித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் வந்து தாளைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

“மனிசியையும் கேட்டனான். அனுப்பச் சொல்லுறா. முதல்லை மிளகாய்த்தூளுக்கு ஓடர் எழுது, முடியப்போகுது.”