புதன்கிழமை கடைசி பீரியட்

என் பீரியட்டைத் திருடியவர் அந்த அறிவியல் டீச்சர். ஆசிரியர் அறையில் எல்லோர் முன்பும் சொன்னதைத்தான் இப்போது எழுதுகிறேன். ஒரகடம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் விளையாட்டு ஆசிரியர். என் அறை மூலையில் ஒரு கயிறு சுருட்டிக் கிடக்கிறது. லாரியில் சரக்கு கட்டும் தடித்த கயிறு, ஒரு பையனின் அப்பா கேட்டு வாங்கி வந்து கொடுத்தது. அதன் நடுவில் மெஷின் துடைக்கும் பனியன் வேஸ்ட் துணியில் ஒரு சிவப்புத் துண்டு முடிச்சுப் போட்டிருக்கும். முடிச்சுப் போட்டது அந்த டீச்சர். அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பும் வரும்.

விளையாட்டு ஆசிரியரின் பீரியட் என்றால் எல்லோருக்கும் இளக்காரம். கணக்கில் பாடம் மிச்சம் இருந்தால் என் பீரியட், பரீட்சை நெருங்கினால் என் பீரியட். மற்றவர்கள் கேட்காமலே எடுத்துக்கொள்வார்கள். இந்த டீச்சர் மட்டும் கேட்பார். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோவில், ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு நடுவே நசுங்கி வந்து இறங்கி, என்னைத் தேடி வந்து, "சார், இன்னிக்கு ஒரு நாள் மட்டும்" என்பார். வாரா வாரம் அந்த ஒரு நாள் வரும். ஒரு புதன்கிழமை நான் கத்திவிட்டேன். பிள்ளைகள் ஓடுவதற்கு அந்த நாற்பது நிமிடம்தான் இருக்கிறது, அதையும் பிடுங்கி உட்கார வைத்து என்ன சாதிக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். டீச்சர் கோபப்படவில்லை. எட்டாம் வகுப்பில் விசைப் பாடம் நடந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். பிறகு, பள்ளிகளுக்கு இடையே நடக்கும் கயிறு இழுக்கும் போட்டியில் நம் பிள்ளைகள் ஏன் எப்போதும் முதல் சுற்றிலேயே தோற்கிறார்கள் என்று கேட்டார். தெம்பு போதவில்லை என்றேன். "தெம்பு இல்ல சார், தரை" என்றார்.

தலைமை ஆசிரியர் முன்னால் பந்தயம் முடிவானது. போட்டி வரைக்கும் டீச்சர் சொல்கிறபடி பயிற்சி. முதல் சுற்றில் ஜெயித்தால் புதன்கிழமை கடைசி பீரியட் ஆண்டு முடியும்வரை அவருக்கு. தோற்றால் அவர் இனி பீரியட் கேட்டு என்னிடம் வந்து நிற்கவே கூடாது. என் பிள்ளைகள் ஜெயிக்க வேண்டும், இந்த அம்மாள் தோற்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்க வழியே இல்லை என்பது வீட்டுக்குப் போகிற வழியில்தான் எனக்கு உறைத்தது.

மறுநாள் யாரோ ஒரு பிள்ளையின் அப்பா மூலமாகக் கம்பெனியில் சாமான் தள்ளும் டிராலி ஒன்று வந்தது. வகுப்பிலேயே பெரிய பையன், வடக்குப்பட்டுக்காரன், அதன்மேல் ஏறி நின்றான். கயிற்றின் மறுமுனையை வகுப்பிலேயே சின்னப் பெண்ணிடம் கொடுத்தார் டீச்சர். அவள் பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, இங்கே ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். அவளை ஆடாமல் அசையாமல் அப்படியே நிற்கச் சொன்னார். பையன் பல்லைக் கடித்து இழுத்தான். அவள் வரவில்லை. டிராலி உருண்டு இவன்தான் அவளிடம் போய்ச் சேர்ந்தான்.

"இன்னா டீச்சர், நான் இஸ்தா நானே போறேன்" என்றான்.

"நான் சும்மாதாம்ல நின்னேன்" என்றாள் அவள்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டேன். கயிறு இரண்டு பேரையும் ஒரே அளவுதான் இழுக்கிறது, கால் தரையைப் பின்னால் தள்ளினால் தரை காலை முன்னால் தள்ளும், தரையை நன்றாகத் தள்ளுகிறவன்தான் ஜெயிப்பான் என்று டீச்சர் சொன்னார். இயக்கத்தின் மூன்றாம் விதி என்று அவர் பெயர் சொல்வதற்கு முன்பே பிள்ளைகளுக்கு அது புரிந்துவிட்டது.

எந்தச் செருப்பு வழுக்காது என்று அடுத்த வாரம் ஆராய்ச்சி. பிள்ளைகள் எல்லோரும் அப்பாவின் பழைய சேஃப்டி ஷூவைத் தூக்கி வந்தார்கள். கம்பெனியே கொடுக்கிற ஷூ, அதைவிட உசத்தியாக எது இருக்கும் என்று நினைப்பு. டீச்சர் ஒவ்வொன்றிலும் ஒரே எடையுள்ள கல்லை வைத்து, சுருள்வில் தராசால் மைதானத்தில் இழுத்துக் காட்டினார். அடி தேய்ந்துபோன ஷூ வெண்ணெய் மாதிரி நழுவியது. அதைவிட முக்கியமாக இன்னொன்று தெரிந்தது. மேலே கிடந்த புழுதியைக் கூட்டிவிட்டு இழுத்தால் எந்தச் செருப்பும் அவ்வளவு எளிதில் நகரவில்லை. கடைசியில் கூட்டிய தரையில் வெறுங்கால்தான் நன்றாகப் பிடிக்கிறது என்று பிள்ளைகளே நின்று பார்த்து முடிவு செய்தார்கள்.

போட்டி அன்று எதிரணிக்குப் புது வெள்ளை ஷூ. எங்கள் பிள்ளைகள் வரிசையில் நின்றதும் குனிந்து, அவரவர் நிற்கும் இடத்துப் புழுதியைக் காலால் தள்ளிக் கூட்டினார்கள்.

"இன்னாடா, கோலம் போடப் போறீங்களா?" என்று எதிரணியில் ஒருவன் கேட்க, அவர்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு.

நடுவர் வேறு பள்ளி விளையாட்டு ஆசிரியர், எனக்குப் பழக்கம். அவர் என்னிடம் வந்தார். "குழி தோண்டக்கூடாதுன்னு தெரியும். கூட்டலாமா சார்? விதி உங்களுக்குத்தான் மனப்பாடம்."

நான் கூடாது என்று சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். பீரியட் எனக்கு மிஞ்சியிருக்கும். பிள்ளைகள் யாரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் மட்டும் என்னைப் பார்த்தார்.

"செல்லும். வேணும்னா அவங்களும் கூட்டிக்கட்டும்" என்றேன்.

அவர்கள் கூட்டவில்லை. விசில் ஊதியதும் எங்கள் பிள்ளைகள் பின்னால் சாய்ந்து குதிகாலை ஊன்றினார்கள். வெள்ளை ஷூக்கள் புழுதியில் கோடு போட்டுக்கொண்டு வந்தன. சிவப்பு முடிச்சு எங்கள் பக்கம் வந்தது. சின்னப் பெண் மல்லாந்து விழுந்தும் கயிற்றை விடவில்லை. நான் என்னை மறந்து கைதட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் பீரியட் போனது நினைவுக்கு வந்தது.

அடுத்த புதன்கிழமை டீச்சர் வகுப்பை உள்ளே உட்கார வைப்பார் என்று நினைத்தேன். அவர் எல்லோரையும் மைதானத்துக்கு அழைத்து வந்தார். ஓடி வந்து சட்டென்று நில் என்பார், உடம்பு ஏன் முன்னால் போகிறது என்பார். ஒரே வேகத்தில் பந்தையும் இரும்புக் குண்டையும் எறிய முடியுமா என்பார். யார் வேகமாக ஓடுவது என்று காட்ட ஆள் வேண்டுமே, அதற்கு என்னைக் கூப்பிட்டார். வேறு யாரும் அந்தப் பீரியட்டில் கை வைக்கத் துணியவில்லை. அந்த ஆண்டு என் பிள்ளைகள் ஓடிய அளவுக்கு அதற்கு முன்பு ஓடியதே இல்லை.

பிறகு டீச்சர் பதவி உயர்வில் குன்றத்தூர்ப் பக்கம் போனார். போன மாதம் ஏதோ பயிற்சிக் கூட்டத்தில், "அந்தப் பீரியட் பி.டி. சார் எனக்குக் கொடுத்தது" என்று சொன்னாராம். எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டுவிட்டு வந்து என்னைப் பாராட்டினார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நான் எதையும் கொடுக்கவில்லை. விதியைக் கேட்டார்கள், விதியைச் சொன்னேன். அவ்வளவுதான்.

இந்த ஆண்டு விழாவுக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர். கயிற்றைத் தூசி தட்டி வைத்திருக்கிறேன், முடிச்சு இன்னும் அவிழவில்லை. அதை மேடைமேல் கொண்டுவந்து போடப் போகிறேன். டீச்சர், மைக்கைப் பிடித்து, பிள்ளைகள், பெற்றோர் எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள். நான் கொடுத்தேனா, நீங்கள் எடுத்தீர்களா?