அக்கா நின்ற கட்டடங்கள்

ஊருக்கெல்லாம் அவன் தம்பிதான். நகராட்சியில் படமெடுப்பவனாக வேலைக்குச் சேர்ந்த அன்று, அக்கா பின்னாலேயே வந்து, "தம்பி, சாப்பாட்டை மறந்துட்டியே" என்று எல்லோர் முன்னாலும் பாத்திரத்தை நீட்டினாள். அன்றோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தலை நரைத்த பிறகும், அவனைவிட வயதில் சின்னவரான மேலாளர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

யாராவது பழைய கட்டடத்தை இடிக்க அனுமதி கேட்டால், இடிப்பதற்கு முன் அதைப் படமெடுத்து வைக்க வேண்டும். அதுதான் அவன் வேலை. உயரம் தெரிவதற்காகப் பக்கத்தில் அளவுகோல் ஒன்றை நிறுத்த வேண்டும் என்பது விதி. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த ஐந்தடிக் கோல் கொடுத்திருந்தார்கள். முதல் வாரமே தம்பி அதைப் பேருந்தில் விட்டுவிட்டான். வேறு கோல் கேட்டால், முதல் கோல் எங்கே என்பார்கள். பழைய தபால் நிலையத்தின் முன் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, அக்கா காய்கறிப் பையோடு எதிரே வந்தாள். அவள் உயரம் சரியாக ஐந்தடி.

"அக்கா, அந்தச் சுவரோரமா கொஞ்சம் நில்லேன்."

"எதுக்குடா?"

"கோலுக்குப் பதிலா. நேரா நில்லு. சிரிக்காத."

"கோல் சிரிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? எடுடா, கீரை வாடுது."

படம் நன்றாக வந்தது. கோல் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அதன்பின் எண்ணெய் ஆலை, மரப்படி வைத்த மருந்துக் கடை, சினிமாக் கொட்டகை என்று எல்லாவற்றின் முன்னாலும் அக்காவே பையோடு நின்றாள். தபால் நிலையம் நாலரை அக்கா உயரம் என்று பொறியாளரே சிரிக்காமல் சொல்லத் தொடங்கினார்.

தம்பி வேலையில் சுத்தம். அவன் படத்தில் சுவர் சாய்ந்திருந்தால், சுவர்தான் சாய்ந்திருக்கும். நிழல் வாசலை மறைத்தால் மறுநாள் திரும்ப வருவான். முணுமுணுத்துக்கொண்டே அக்காவும் வருவாள்.

ஊர் சும்மா இருக்குமா? அக்கா நின்றால் கட்டடம் போச்சு என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. ஒருநாள் மளிகைக் கடை வாசலில் அவள் குடையை மடக்க நின்றாள். கடைக்காரர் அடித்துப் பிடித்து ஓடி வந்தார்.

"தாயே, உள்ள வந்து உக்காருங்க. நாற்காலி போடச் சொல்றேன். வாசல்ல மட்டும் நிக்காதீங்க."

"சர்க்கரை வாங்க வந்தேன்யா."

"வீட்டுக்கே அனுப்பிடறேன். நீங்க கெளம்புங்க."

அக்காவுக்கு எந்தக் கடையிலும் காத்திருக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

நகராட்சிக்கு நூறு வயது ஆனபோது, கூடத்துச் சுவரில் ஊரின் பழைய தெருக்களையும் கட்டடங்களையும் படமாக மாட்டுவது என்று முடிவாயிற்று. தம்பியைத் தவிர வேறு யாரும் அவற்றைப் படம் எடுத்திருக்கவில்லை. அவனுக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. சுவரில் ஏறாவிட்டால் படங்கள் அலமாரியிலேயே கிடக்கும், மீதியைக் கரையான் பார்த்துக்கொள்ளும். அன்று அவன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனான்.

மேலாளர் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"அருமை தம்பி. ஆனா எல்லாத்துலயும் இந்தம்மா நிக்கிறாங்களே, யாரு?"

"அளவுகோல் சார்."

"என்னது?"

"எங்க அக்கா சார்."

"கம்ப்யூட்டர்ல கொடுத்தா எடுத்துடுவாங்க. அந்த இடத்துல செங்கல் வந்துடும்."

"எந்தச் செங்கல் சார்? அக்காவுக்குப் பின்னாடி என்ன இருந்துச்சுன்னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?"

"யாருக்குத் தெரியும்? அதான் இடிச்சாச்சே."

"அப்படின்னா மாட்ட வேணாம் சார்."

சொன்ன பிறகுதான், அந்த அலுவலகத்தில் முதல்முறையாக வேணாம் என்று சொல்லியிருக்கிறோம் என்பது தம்பிக்கு உறைத்தது.

"உங்க இஷ்டம். ஏதாவது இயற்கைக் காட்சி மாட்டிடலாம். நீர்வீழ்ச்சி நல்லா இருக்கும்" என்றார் மேலாளர். ஊரில் நீர்வீழ்ச்சி கிடையாது.

அப்போது காசாளர் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"சார், வரி கட்ட வந்தவங்கல்லாம் திரும்பிப் போறாங்க. ஆபீஸையே இடிக்கப் போறாங்களாம்."

"எவன் சொன்னான்?"

காசாளர் ஜன்னலைக் காட்டினார். தம்பியோடு சேர்ந்து வீட்டுக்குப் போகலாம் என்று வந்த அக்கா, வாசல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். கையில் பை. பழக்க தோஷம், நேராக நின்றாள், சிரிக்கவில்லை. சாலையில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"தம்பி, அவங்கள உள்ள கூப்பிடுங்க."

"உள்ள வந்து எங்க சார் நிப்பாங்க? படத்துலயே இடமில்லன்னுட்டீங்களே."

மேலாளர் மாடி ஜன்னல் வழியே கீழே பார்த்தார். ஒருவர் வரி நோட்டீஸைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"சரிய்யா. எல்லாத்துலயும் இருக்கட்டும். முதல்ல அவங்கள நகரச் சொல்லுங்க."

தம்பி இறங்கிப் போனான். போனவன், வெளிச்சம் நன்றாக விழுந்திருப்பதைப் பார்த்தான். சாலையைக் கடந்து கேமராவை எடுத்தான்.

"அக்கா, கொஞ்சம் நகரு. வாசல் மறையுது."

"பசிக்குதுடா, சீக்கிரம்."

படங்கள் இப்போது கூடத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் 'இப்போது இல்லை' என்று எழுதியிருக்கிறது. கடைசிப் படம் நகராட்சி அலுவலகம், ஐந்து அக்கா உயரம். அதன் கீழே மட்டும் மேலாளர் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டச் சொன்னார்: 'இக்கட்டடம் இடிக்கப்படாது. வரி வழக்கம்போல் வாங்கப்படும்.'