நத்தார்ச் சட்டை

மாலைச் செபம் முடிந்து சனம் கலைந்த பிறகும் நான் கோவிலைவிட்டு எழும்பவில்லை. எனக்கு முன் வரிசை வாங்கில் இன்னும் இருந்த பெண்ணின் சேலையில் பூச்சி உருண்டை மணந்தது. பெரியம்மாவின் அலுமாரியும் இப்படித்தான் மணக்கும்.

அப்போது எனக்கு ஆறு வயது. "ரண்டு நாள் பெரியம்மாவோடை நில்லு. அம்மா வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்று சொல்லி, அம்மா என்னைச் சாவகச்சேரியில் விட்டுவிட்டு பஸ் ஏறினா. பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் குருநகர் வீட்டில் நாங்கள் ஐந்து பிள்ளைகள். அன்று பின்னேரம் பெரியம்மா என் பையைத் திறந்து, சட்டைகளை ஒவ்வொன்றாக அலுமாரியில் அடுக்கினா. அடியில், கிறிஸ்து பிறப்புக்குப் போடும் என் நத்தார்ச் சட்டையும் இருந்தது. நத்தாருக்கு இன்னும் ஏழு மாதம் கிடந்தது. அம்மா வரமாட்டா என்று எனக்கு விளங்கிவிட்டது.

நான் அழவில்லை. ஏன் என்னைக் கொடுத்தீர்கள் என்று அம்மா சாகும்வரை கேட்கவுமில்லை. "சோலியில்லாத பிள்ளை, ஒரு தொந்தரவும் தராது" என்று பெரியம்மா எல்லோருக்கும் சொல்லுவா. அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் இந்த ஐம்பது வயதுவரை யாரிடமும் எதையும் கேட்காமல் இருந்திருக்கிறேன். செபத்தில்கூட மற்றவர்களுக்காகவே மன்றாடினேன்.

இன்று முதன்முறையாக எனக்காக வாய் திறந்தேன்.

"ஆண்டவரே, அம்மா விட்டிட்டுப்போன அண்டைக்கு எனக்குச் சரியான பயமாயிருந்தது. அம்மாவிலை இப்பவும் கோவம் இருக்கு."

சொன்னதும் அழுகை வெடித்தது. முன்னால் இருந்தவ திரும்பிப் பார்த்தா.

"என்னக்கா, ஏதும் செய்யுதோ?"

ஒன்றுமில்லை என்றுதான் வாயில் வந்தது. அதை விழுங்கினேன்.

"ஓம் தங்கச்சி. கொஞ்சநேரம் எனக்குப் பக்கத்திலை இருங்கோ."

அவ எழும்பி வந்து என் பக்கத்தில் இருந்தா.