பதினோராவது பெயர்

வெண்கலமோ பித்தளையோ, அம்பிகையின் கைக்குத் துலக்கத் தெரியும். யாழ்ப்பாணத்தில் வெள்ளிக்கிழமைகளில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்த கை அது. இத்தாலியின் பலேர்மோவில் புளிக்குப் பதில் எலுமிச்சம்பழமும் உப்பும்.

நகரின் சீசா என்ற பகுதியில் ஒரு சின்னச் சதுக்கம். நடுவில் பளிங்குத் தூண், அதில் வெண்கலத் தகடு. அந்தக் காலத்து அரசனுக்கு எதிராகக் கிளம்பிச் சுடப்பட்ட அந்தப் பகுதி ஆட்கள் பதினொரு பேரின் பெயர்கள், தொழிலோடு. மறுநாள் மலர்வளையம் வைக்கும் விழா. துப்புரவுக் கொம்பனி அம்பிகையையும் செல்வராசாவையும் அனுப்பியிருந்தது. கொம்பனி தந்த மருந்துக்குக் கறுப்புப் போகவில்லை. அவளுடைய எலுமிச்சைக்குப் போனது. பத்துப் பெயர்கள் பளபளத்தன. சாறு வடிந்த பளிங்கு அரித்து வெளிறியதை அவள் கவனிக்கவில்லை. மேற்பார்வையாளன் கவனித்தான்.

"இவர்கள் எங்களுக்காகச் செத்தவர்கள். செத்தவர்களுக்கு மரியாதை செய்ய உனக்கு என்ன தெரியும்?"

கொம்பனி வாகனத்தின் முகப்பில் வைத்து ஒரு தாள் எழுதி நீட்டினான். அம்பிகை எழுத்துக் கூட்டி வாசித்தாள். கல்லைக் கெடுத்தேன். இறந்தவர்களை அவமதித்தேன். கையெழுத்துப் போட்டால் வேலை இருக்கும் என்றான்.

அவளுடைய தம்பி ஞானசேகரம் பஸ் கொண்டக்டர். எண்பத்தாறில் இலங்கை ஆமி பஸ்ஸை மறித்து இறக்கிச் சுட்ட ஒன்பது பேரில் ஒருவன். ஊரார் அந்தச் சந்தியில் நட்ட கல்லை ஆமிக்காரர் இரண்டு கிழமையில் உடைத்துப்போட்டார்கள். பெயர் வெட்டக்கூட நேரம் இருக்கவில்லை.

"முதல் வரிக்குப் போடுகிறேன். மற்றதை வெட்டு" என்றாள் இத்தாலியனில்.

செல்வராசா தமிழில் கிசுகிசுத்தான். "அக்கா, ஒரு கையெழுத்துத்தானே. ஜூனிலை பெர்மெஸ்ஸோ விசா புதுப்பிக்க ஆர் வேலைக் கடிதம் தருவான்? இந்தச் செத்த ஆக்களிட்டையோ போய்க் கேக்கப் போறியள்?"

"ஓம். அவையள் தந்தாலும் தருவினம்."

பேனையை வாங்கி இரண்டாவது வரியைத் தாள் கிழியும்படி அடித்தாள். கீழே தன் பெயரை எழுதினாள். மேற்பார்வையாளன் தாளைக் கசக்கினான்.

"திங்கட்கிழமை வராதே."

அவள் கொம்பனியின் மேலங்கியைக் கழற்றினாள். தூணின் படியில் ஏறி, சாறு வடியாதபடி அதைத் தகட்டின் அடியில் இறுக்கி அடைத்தாள். கடைசிப் பெயர், ஒரு கொத்தனாருடையது, இன்னும் கறுப்பாகவே இருந்தது. மிச்சமிருந்த பாதி எலுமிச்சையை உப்பில் தோய்த்தாள். போதும், இறங்கு என்று மேற்பார்வையாளன் கத்தினான். அவள் முதல் எழுத்திலிருந்து தேய்க்கத் தொடங்கினாள்.