சிஜி திறந்த பெட்டி

ஜெய்சன் பஹ்ரைனுக்குக் கிளம்பியது மே மாதத்துக் கடைசித் திங்கட்கிழமை. அவர்கள் ஊரான காரோட்டில் மாதா கோயில் திருவிழாக் கொடியை முந்தின நாள்தான் இறக்கியிருந்தார்கள். விமான நிலையத்துக்குப் போகவேண்டிய கார் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்க, அவன் பையைக் கீழே போட்டுவிட்டு மனைவியின் கடைக்குள் ஓடினான். அரை நிமிஷத்தில் திரும்பி வந்தான்.

"என்னத்தை மறந்தீய?" என்றாள் சிஜி.

"ஒண்ணும் இல்லே. சும்மா ஒருக்கா பாத்தேன். வாறேன்."

கடை என்பது ஜெய்சனின் அண்ணன் ஜோக்கிம் வீட்டோடு ஒட்டிய ஒற்றை அறை. கடலைப் பார்த்த ஒரு ஜன்னல், ஒரு கணினி, ஒரு பிரிண்டர், இரண்டு நாற்காலி. ரேஷன் கார்டுத் திருத்தம், பிள்ளைகளின் தேர்வு விண்ணப்பம், மீனவர் நலத் திட்ட மனு எல்லாம் அங்கேதான் நடக்கும். சிஜி கடற்கரைக்காரி இல்லை. அம்பூரி மலையில் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே பிறந்தவள். பாறசாலையில் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் கல்யாணமாகிக் கீழே இறங்கி வந்தவள். அறை ஜோக்கிமுடையது என்பதும், தம்பி முகத்துக்காகத்தான் கொடுத்தான் என்பதும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஜூன் இரண்டாவது வாரம். மழை இறங்கி, கடல்காற்று ஜன்னலை அறைந்துகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை காலை, கணினி கிளம்பவில்லை. விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பு. உள்ளிருந்து மூன்று நீண்ட கூவல். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் மூன்று.

நெய்யாற்றின்கரையிலிருந்து மெக்கானிக் பிரதீஷ் பைக்கில் நனைந்துகொண்டு வந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"போர்டு போயாச்சு சேச்சி. இதுக்க மேல ஒண்ணும் செய்யாண்டாம். புதுசு வாங்குங்க."

"திறந்து பாக்கல்லியே?"

"சத்தம் கேட்டாலே எனக்கு மனசிலாவும்."

வாசலில் நின்ற ஜோக்கிமுக்கு இது போதும். மழைக்காலத்தில் வள்ளத்து எஞ்சினை வைக்க அவன் ஒரு காய்ந்த இடம் தேடிக்கொண்டிருந்தான்.

"சனியாழ்ச்ச வரை பாப்பேன் சிஜி. ஓடல்லெங்கி, ஞாயிறு பூசை முடிஞ்சதும் எஞ்சினை இஞ்ச ஏத்துவேன். பொறவு குறை சொல்லப்பிடாது."

மாமியார் மார்கிரெட் வேறு சேர்ந்துகொண்டாள். "மலையில ரப்பர் வெட்டின பிள்ளைக்கு எதுக்கு மக்கா இந்தப் பாடு? வீட்டுல இருந்தா போராதா?"

சிஜியின் மனதில் ஒரே ஒரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது: போர்டு செத்துப்போயிருந்தால் கூவுவது யார்? போனில் தேடினாள். அந்த மாதிரிக் கணினியில் மூன்று நீண்ட கூவல் என்றால் மெமரி கிடைக்கவில்லை என்று அர்த்தம். செத்த பெட்டி அல்ல, ஒன்றைக் கேட்டு அழுகிற பெட்டி.

மின்சாரத்தைப் பிடுங்கினாள். பெட்டிக்கு மேலே மார்கிரெட் பின்னிப் போட்டிருந்த பூத்துணியை எடுத்தாள். துணிக்கு அடியில், காற்றுப் போகும் சல்லடையின் மேல், ஒரு காகிதப் பொதி. பிரித்துப் பார்க்கத் தேவையே இல்லை. நனைந்து ஊறிய காகிதத்தில் நாலு நல்லமிளகு ஒட்டிக்கொண்டிருந்தது. திருவிழாவில் நேர்ந்த உப்பும் மிளகும். கோயிலில் படைத்ததில் ஒரு பிடி கொண்டுவந்து காவலுக்கு வள்ளத்தின் முகப்பில் வைப்பார்கள், வீட்டில் வைப்பார்கள். ஜெய்சன் கார் ஹாரன் அடிக்க அடிக்க ஓடிவந்து அவளுடைய கணினிக்கும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மழைக்காற்றில் உப்பு உருகி, சல்லடை வழியாகச் சொட்டி, நேரே மெமரி அட்டைகள் செருகியிருந்த இடத்தில் வெள்ளைப் பொருக்காகக் காய்ந்திருந்தது.

பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்த மார்கிரெட் அதைப் பார்த்துவிட்டாள். முகம் வெளிறியது.

"நேர்ச்சை உப்பாக்கும் மக்கா. குத்தம் சொல்லாதே."

"குத்தம் சொல்லல்ல மாமி. அவங்க நல்லதுக்குத்தான் வச்சாங்க. அவங்களுக்குத் தெரியாண்டாம். கடல்காத்துன்னு சொல்லுவோம்."

பொதியை அவள் எறியவில்லை. மூடி இறுகிய ஒரு பாட்டிலில் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பிறகு வேலை. உடம்பில் தங்கிய மின்சாரம் போகப் பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு இரண்டு அட்டைகளையும் கழற்றினாள். பொன்னிறப் பற்கள் கறுத்துக் கிடந்தன. பள்ளிக்கூட அழிப்பானால் மெல்லத் தேய்த்தாள். செருகும் பள்ளங்களைப் புதுப் பல்தேய்ப்பானில் ஸ்பிரிட் தொட்டுத் துலக்கினாள். வெள்ளிக்கிழமை முழுக்கப் பெட்டி மேசை விசிறிக்கு முன்னால் வாய் திறந்து கிடந்தது. வந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். "சிஜி மீன் கிழிக்க படிச்சாச்சு" என்று யாரோ சிரித்தது அவள் காதில் விழுந்தது.

சனிக்கிழமை காலை முதல் அட்டையை மட்டும் போட்டாள். மூன்று கூவல். பள்ளத்தை மாற்றிப் போட்டாள். மூன்று கூவல். அதை எடுத்துவிட்டு இரண்டாவது அட்டையைப் போட்டாள். ஒரு சின்னக் கூவல், அவ்வளவுதான். திரை வெளுத்தது.

அவள் கத்திய கத்தலில் ஜோக்கிம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தான். "அட, ஓடுதே! மற்றதையும் போடு பிள்ளே, ரண்டும் கெடக்கட்டு."

அதையும் மறுபடி தேய்த்துப் போட்டாள். இந்தத் தடவை அதோடும் கிளம்பியது. ஜோக்கிம் கைதட்டினான். சிஜி தட்டவில்லை. மெமரியைச் சோதிக்கும் நிரலை ஓடவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தாள்.

"ஓடுக பெட்டியை எதுக்கு நோண்டுதே?"

"கரையில ஸ்டார்ட் ஆன எஞ்சினை அப்பிடியே கடலுக்குக் கொண்டு போவீங்களா அண்ணா?"

முக்கால் மணி நேரத்தில் திரையில் பிழைக் கணக்கு ஏறத் தொடங்கியது. முதல் அட்டை பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றினாள், மறுபடி சோதித்தாள். மதியம்வரை ஒரு பிழையும் இல்லை. ஜோக்கிம் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு வெளியே போய், எஞ்சினுக்குத் தார்ப்பாய் கட்டத் தொடங்கினான்.

பாதி வேகத்தில் ஓடினாலும் கடை ஓடியது. ஜன்னலுக்குக் கண்ணாடி வந்தது. கோட்டுகாலிலிருந்து ஒருத்தர் கூவும் பெட்டியோடு வந்தார், அப்புறம் பாறசாலையிலிருந்து. பெட்டியைத் துலக்கும் விதத்தைப் போனில் படம் பிடித்து ஜெய்சனுக்கும் அனுப்பினாள். அடுத்த வருஷம் பிரதீஷே ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். "மலைக்காரி கைப்பட்டா கூவுகது நிக்கும்" என்று மார்கிரெட் மீன் சந்தையில் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மதியம், யாருடையதோ பெட்டியைத் திறந்துவைத்திருந்தபோது, சிஜியின் போனில் ஜெய்சனின் செய்தி வந்தது.

"சிஜி, இஞ்ச கேம்ப் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் மூணு வட்டம் கூவிச்சு. போச்சுன்னு எல்லாரும் கைவிட்டாச்சு. நீ வீடியோவுல காட்டினதுபோல கரண்டைப் பிடுங்கி, அழிப்பான் வச்சு தேச்சு, ஒண்ணொண்ணா போட்டேன். ஓடிச்சு. ஆரு படிப்பிச்சு தந்ததுன்னு கேட்டாவ. எனக்க பெண்டாட்டி மெக்கானிக் ஆக்கும்னு சொன்னேன். உப்புப் பொதி காரியம் அம்மை நேத்துதான் சொன்னா. ரண்டு வருஷமா ஒரு வாக்கு சொல்லல்லியே நீ."