கைதட்டாத அப்பா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு என் அப்பா மேல் ஒரு மனத்தாங்கல் இருக்கும். உங்கள் பிள்ளைகளின் அரங்கேற்றத்துக்கு நகரின் மறுகோடியில் இருக்கும் ஆல்பனி வரை வருவார், முன்வரிசையில் அமர்வார். மண்டபமே கைதட்டும்போது அவர் மட்டும் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். பெருமை பிடித்த மனிதர் என்று நினைத்திருப்பீர்கள். பெற்ற மகள் நானே அப்படித்தான் நினைத்தேன்.

அப்பா மட்டக்களப்பில், கடற்கரையை ஒட்டிய வீட்டில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். கஷ்டப்பட்டுப் படித்து நில அளவையாளராகி, கிழக்கின் காடும் வயலும் அளந்தார். தங்கைமாரைக் கரைசேர்த்த பிறகே அம்மாவை மணந்தார். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் பரிசை வாங்கிக்கொண்டு திரும்பி அவரைத் தேடுவேன். கைகள் மடியில்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து அழுவேன்.

பின்னாளில் போர் தொடங்கி, எங்கள் ஊருக்கு மேலே குண்டு போடும் பொம்மர் வந்தது. நிலத்தடிப் பங்கருக்குள் எல்லோரும் நடுங்கிக்கொண்டிருக்க, அப்பா வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பார்.

"நேர மேல நிக்கிறதின்ட குண்டு எங்களுக்கு இல்ல. தூரத்தில மூக்கைக் குத்துறதுதான் எங்களுக்கு. தலையைக் குனியுங்க" என்பார்.

அவர் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை. அதை எங்கே படித்தார் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

அகதிகளாக இந்த நாட்டுக்கு வந்து பக்குரங்காவில் குடியேறிய பிறகு அப்பாவுக்கு ஓய்வும் நூலகமும் கிடைத்தன. தேடித் தேடிப் படித்ததெல்லாம் ஒரே ஒரு விமானத்தைப் பற்றி. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியக் கடற்படை வைத்திருந்த, தலைகீழாகப் பாய்ந்து குண்டு போடும் பொம்மர் அது. தொண்ணூற்றொன்பதாம் வகை என்று அவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் தேநீரோடு அதுவும் பரிமாறப்படும். சிறகின் வடிவத்துக்கு ஒரு ஜெர்மன் விமானத்தை மாதிரியாகக் கொண்டார்களாம். முதலில் செய்தவை வளையும்போது நிலைதடுமாறினவாம், முதுகில் நீண்ட துடுப்பு வைத்த பிறகே சரிவந்ததாம். பாயும் வேகத்தைக் குறைக்கச் சிறகின் அடியில் தட்டிகள் இருந்தனவாம்.

"மாமா பொம்மரில ஏறிட்டார், இனி இறங்கமாட்டார்" என்று என் கணவர் கிண்டல் செய்வார். அப்பாவும் சிரிப்பார். ஆனால் முடிவுக்கு வரும்போது குரல் தாழ்ந்துவிடும். தேர்ந்த விமானிகள் செத்து முடிந்த பிறகு, பழசாகிப்போன அதே விமானத்தில் இளம் பிள்ளைகளை ஏற்றி, கப்பல்களில் மோதிச் சாக அனுப்பினார்கள் என்பார். போர் விமானம் என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை என்றே நாங்கள் நம்பியிருந்தோம்.

இந்த ஆண்டு அப்பா படுக்கையில் விழுந்தார். வீட்டுக்கு மேலே விமானம் போகும்போதெல்லாம் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு பின்னேரம் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, ஜப்பான்காரன் எங்கள் கடலுக்கு வந்த நாளைப் பற்றித் தானாகவே சொன்னார்.

"சின்னப் பொடியன் நான். கடற்கரையில நிண்டன். தூரத்தில வெள்ளைக்காரன்ட பெரிய கப்பல். பொம்மருகள் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வந்து குத்தினதுகள், மீன்கொத்தி மாதிரி. வடிவா இருந்திச்சு மகள். நான் கைதட்டினன்."

கப்பல் தாழ்ந்தது. பிறகு கப்பல் எண்ணெய் அப்பிய உடல்கள் அதே கரையில் ஒதுங்கினவாம். பெரியவர்கள் அவற்றைத் தூக்கியபோது, அப்பா தன் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாராம்.

"நான் தட்டினது அவங்களுக்குக் கேட்டிருக்குமா?" என்றார்.

"அவ்வளவு தூரம், அப்பா. கேட்டிருக்காது."

ஆயுள் முழுக்கத் தூரம் அளந்த மனிதர் அந்தத் தூரத்தையும் மனதுக்குள் அளந்து பார்த்தார்.

"ஓம். எனக்குத்தான் கேட்டது. இப்பவும் கேக்குது."

அதன் பிறகு அப்பா அதிகம் கதைக்கவில்லை. சில நாட்களில், மழை விட்ட ஒரு காலையில், என் கையைப் பிடித்தபடியே போய்விட்டார்.

அப்பாவைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், நகரின் மேற்கே மாசியிலிருந்து சோறு சமைத்துக் கொண்டுவந்த உறவுகளுக்கும், கடல் கடந்து வந்து தோள் கொடுத்தவர்களுக்கும், இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையில் எங்களோடு இருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அவர்மேல் மனத்தாங்கல் இருந்தும் வந்தவர்களை நான் தனியாக நினைத்துக்கொள்கிறேன். அந்தக் குறையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

சென்ற வாரம் என் மகளின் பாடசாலையில் பரிசளிப்பு நடந்தது. மேடையில் நின்று அவள் என்னைத் தேடினாள். எல்லோரும் கைதட்டினார்கள். அப்பாவின் நினைவில் என் கைகள் மடியிலேயே கிடந்தன. அவள் முகம் மாறியது. அந்த முகம் எனக்குத் தெரியும், அது என்னுடையது. கைகளைத் தூக்கித் தட்டினேன். மண்டபம் அடங்கிய பிறகும் நான் மட்டும் தட்டிக்கொண்டிருந்தேன். அவள் சிரித்தாள். என் கைகளின் சத்தம் எனக்குக் கேட்டது.